முந்தி ஓடிய கடிகாரம்

பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்கா மீனாட்சிபுரத்துக்காரர். நாலு கறவை மாடு வைத்திருக்கிறார். காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு திரும்பும்போது என் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். அண்மையில் ஒருநாள் உள்ளே வந்தவர், என் மேசைமேல் கிடந்த பழைய படம் ஒன்றைக் கையில் எடுத்தார். ஜப்பானில் ஒரு பட்டு ஆலையின் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்கும் படம். இவர்கள் யார் என்று கேட்டார், சொன்னேன். படத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், எந்தக் காலத்துலயோ எந்த ஊர்லயோ மில்லுக்குப் போன புள்ளைகளப் பத்தி நீங்க ஏனுங்க இத்தன வருசமாப் படிக்கறீங்க?" என்றார்.

கல்லூரி வேலைக்கான நேர்முகத்தில் சொன்ன பதிலையே அவருக்கும் சொன்னேன். ஆசியாவின் தொழில் வளர்ச்சி, பெண்களின் உழைப்பு, ஒப்பிட்டுப் பார்ப்பதன் அவசியம் என்று நீண்டுகொண்டே போகும் பதில் அது. அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு "செரிங்க" என்று கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொங்குத் தமிழில் "செரிங்க" பல ரகம். அன்றைக்கு விழுந்தது நம்பாத ரகம். எனக்கே அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லாததால் கோபம் வரவில்லை. உண்மையான பதில் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது, அதை வாசல்படியில் நின்று சொல்லி முடிக்க முடியாது.

நான் பிறந்தது மறையூருக்கும் மூணாறுக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அம்மா கொழுந்து கிள்ளினாள். அப்பா ஃபேக்டரியில் கொதிகலன் பார்த்தார். நேரத்துக்கு நேரம் சங்கு ஊதுவதும் அவர் பொறுப்பு. எஸ்டேட்டுக்கே மணி சொல்கிற ஆள் என்று அப்பாவுக்கு உள்ளூர ஒரு மிதப்பு உண்டு. ஃபேக்டரிக் கடிகாரத்தைத் தினமும் ரேடியோச் செய்தியோடு ஒத்துப் பார்ப்பார். அரை நிமிடம் பிசகினாலும் முள்ளைத் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. ஊருக்குத்தான் உபதேசம் என்று எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் அவரைக் கேலி செய்வார்கள். காரணம், அவர் சொந்த வீட்டுக் கடிகாரம் முக்கால்வாசி நாள் இருபது நிமிடம் முந்தி ஓடும்.

ஓட்டியது அம்மா. காலையில் களத்தில் பெரட்டு எடுப்பார்கள். பேர் கூப்பிடும்போது ஆள் அங்கே நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் விழாது, கூடையை முதுகில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அதனால் அம்மா கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தாள். அவள் மட்டுமல்ல, எங்கள் லயத்தின் பன்னிரண்டு வீட்டிலும் அதே கதை. ஒரு வீட்டில் கால் மணி, இன்னொரு வீட்டில் அரை மணி. பன்னிரண்டு கடிகாரத்தில் ஒன்றுகூட உண்மை பேசாது. ஆனால் பொய் பேசுவதில் எல்லாம் ஒரே பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைச் சரியாக்குவார். செவ்வாயோ புதனோ அம்மா அதே ஸ்டூலில் ஏறுவாள். இதைப்பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது மழை பெய்வதுபோல, வெயில் அடிப்பதுபோல. யோசிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

பாலக்காட்டில் எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் ஜப்பானியப் பட்டாலைகளைப் பற்றிய ஒரு கட்டுரை கையில் சிக்கியது. மலைக்கு அந்தப்பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகள் நடந்தே வந்து ஆலையில் சேர்கிறார்கள். கொதிநீரில் கிடக்கும் பட்டுக்கூட்டிலிருந்து நாளெல்லாம் நூல் எடுக்கிறார்கள். ஆலைக்குள்ளேயே விடுதி, விடுதிக்கு ஒரு மேற்பார்வைக்காரி, எழுவதற்கும் உண்பதற்கும் படுப்பதற்கும் சங்கு. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. அட, இது நம்ம லயம்தானே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

பிடிவாதத்தில் நான் அம்மாவின் மகள். ஜப்பானிய மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றேன், மூன்று வருட உதவித்தொகை கிடைத்தது, முனைவர் பட்டத்துக்கு விமானம் ஏறினேன். மகள் ஜப்பானில் என்ன செய்கிறாள் என்று லயத்தில் கேட்டவர்களிடம் அம்மா, "ஜப்பான் கம்பெனியில இருக்கா" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். வரலாறு படிக்கிறாள் என்று சொன்னால் நூறு கேள்வி வரும், கம்பெனி என்றால் கேள்வியே வராது என்பது அவள் கணக்கு. அதன் பலனாக விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோதெல்லாம் ஓடாத கேமரா, பாடாத ரேடியோ, நின்றுபோன தையல் மெஷின் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் வந்து காத்திருந்தன. ஒரு தையல் மெஷினை மட்டும் எண்ணெய் விட்டு ஓட வைத்தேன். என் வாழ்நாளில் எங்கள் ஊருக்கு நான் செய்த ஒரே தொழில்நுட்ப உதவி அதுதான்.

ஜப்பானில் என் வழிகாட்டிப் பேராசிரியை என்னைவிட ஆறே வயது மூத்தவர். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னும் கேட்பவர். முதல்முறை வீட்டுக்கு அழைத்தபோது நான் வழக்கம்போல இருபது நிமிடம் முன்னதாகவே போய் மணியை அடித்தேன். ஈரத்தலையில் துண்டோடு வந்து கதவைத் திறந்தார். நேரந்தவறாமைக்குப் பேர்போன நாட்டில் முந்திப் போவதும் ஒரு தவறுதான் என்று அன்று தெரிந்தது. திருத்திக்கொள்ள முயன்றேன். முடியவில்லை. அடுத்தமுறை தெருமுனையில் குளிரில் இருபது நிமிடம் நின்றுவிட்டுப் போனேன்.

என் ஆய்வு ஒரு சிறிய பட்டாலையைப் பற்றியது. ஏரிக்கரை ஊரில் இருந்த ஆலை, எப்போதோ மூடிவிட்டார்கள். அதன் பழைய ஏடுகளில் இரண்டு என் கையில் கிடைத்தன. ஒன்று கொதிகலன் அறைக் குறிப்பேடு. எத்தனை மணிக்குச் சங்கு ஊதினார்கள் என்று நாள்தோறும் எழுதி வைத்திருந்தார்கள். மற்றது விடுதி மேற்பார்வைக்காரியின் நாட்குறிப்பு. எத்தனை மணிக்குச் சங்கு கேட்டது, பெண்கள் எப்போது எழுந்தார்கள், யாருக்குக் காய்ச்சல் என்றெல்லாம் அவர் எழுதியிருந்தார். இரண்டிலும் இருப்பது ஒரே சங்கு. ஆனால் கொதிகலன் ஏட்டில் காலை ஐந்து மணி என்றால் விடுதி ஏட்டில் ஐந்து இருபது. மாலைச் சங்கும் அப்படியே, விடுதி ஏட்டில் இருபது நிமிடம் கூடுதல்.

பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. அந்தக் காலத்தில் ஆலை முதலாளிகள் கடிகாரத்தைத் திருகி வேலை நேரத்தை நீட்டியது வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. இதோ ஒரு முதலாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். விடுதிக் கடிகாரம்தான் சரியான நேரம், ஆலைக் கடிகாரத்தை வேண்டுமென்றே பின்னால் தள்ளியிருக்கிறார்கள் என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். எஸ்டேட்டில் பிறந்தவளின் கோபமெல்லாம் அதில் இருந்தது. ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த அத்தியாயம்தான். சில நாட்களில் இரண்டு ஏடுகளும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. அவற்றை எழுதுபிழை என்று ஒதுக்கித் தள்ளினேன். ஆய்வாளர்கள் இப்படிச் செய்வதுண்டு, வெளியே சொல்வதில்லை.

மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் துறைக் கருத்தரங்கில் அதைப் படித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் என் பேராசிரியை, குரலை உயர்த்தாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாலையில் இருபது நிமிடம் பிந்தி விட்டார்கள் என்றால் சரி, காலையிலும் இருபது நிமிடம் பிந்தித்தானே தொடங்கியிருக்கிறார்கள், இதில் முதலாளிக்கு என்ன லாபம்?

இவ்வளவு எளிய கணக்கு. ஒரு பக்கம் எடுத்ததை மறுபக்கம் கொடுத்துவிட்ட திருடனை நான் ஒரு வருடமாகத் துரத்தியிருக்கிறேன். கருத்தரங்கு முடிந்ததும் அவர் தனியே அழைத்து, விடை கண்டுபிடி, முடியாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முன்னுரையும் பின்னிணைப்பும்தான். மார்ச் மாதம் உதவித்தொகை முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் மூன்று வருடமும் தண்ணீரில் எழுதியதுதான். பட்டம் இல்லாமல் மலையேறி வந்து லயத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அந்தச் சமயத்தில்தான் அம்மா பொங்கலுக்கு வந்தே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். பொங்கல் சாக்கு, விஷயம் கல்யாணம். சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டக் குடும்பம் ஒன்று என் ஜாதகத்தை வாங்கிப் பார்த்திருக்கிறது. எரிச்சலோடுதான் வந்தேன். ஆனால் உடுமலையில் பஸ் ஏறி, சின்னாறு செக்போஸ்ட் தாண்டி, நடுரோட்டில் நின்ற ஒரு யானையின் தயவுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து, மறையூரில் இறங்கியபோது கரும்புப்பாகு காய்கிற வாசனை வந்தது. கொட்டகை வாசலில் சூடான வெல்லத்தை உருட்டிக்கொண்டிருந்தவர் ஒரு உருண்டையைச் சும்மா நீட்டினார். தின்றுகொண்டே ஜீப்புக்கு நின்றேன். ஆய்வாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது.

அண்ணன் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதால் அம்மாவும் அப்பாவும் ஓய்வு பெற்ற பிறகும் அதே லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். பெரட்டுக்குப் போகவேண்டிய அவசியம் அம்மாவுக்கு இல்லாமல்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. கடிகாரம் மட்டும் அப்போதும் முந்தித்தான் ஓடியது. நான் அதைப் பார்த்தேன், பழக்கப்படி மனதுக்குள் இருபதைக் கழித்தேன், கைகால் கழுவப் போய்விட்டேன். முட்டாள்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மா விஷயத்தை எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் ஒரு சந்தேகம் கிளப்பியிருக்கிறாராம். பெண் பிறந்த நேரம் லக்கினத்தின் விளிம்பில் வருகிறது, பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் ஜாதகமே மாறிவிடும், ஆதாரம் இருந்தால் காட்டுங்கள் என்கிறாராம். அம்மா ரங்குப் பெட்டியை இழுத்து இரண்டு காகிதங்களை எடுத்தாள். ஒன்று பழைய நாட்காட்டித் தாள். நான் வீட்டிலேயே பிறந்தவள், அப்போது கூட இருந்த பெரியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அந்தத் தாளின் பின்னால் எழுதியிருந்தாள், சாயங்காலம் சரியாக ஐந்து மணி. ஊர் ஜோசியர் ஜாதகம் கணித்தது அதை வைத்துத்தான். மற்றது எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து பிரசவம் பார்க்க வந்த நர்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு. அதில் நாலு முப்பத்தெட்டு.

நர்ஸம்மா கைக்கடிகாரம் ஓட்டைக் கடிகாரம் என்று அம்மா சாதித்தாள். சரி, உனக்கு வேறு ஏதாவது நினைவிருக்கிறதா என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"ஏன் இல்லாம? நீ பெறந்து, குளிப்பாட்டி, சீலையில சுத்தி ஏங்கையில தந்த பெறவுதான் அஞ்சு மணிச் சங்கு ஊதுச்சு. ஒங்கப்பா ஊதுத சங்கு. அத ஒங்காதுல போட்டுட்டுத்தான் பால் குடுத்தேன்" என்றாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து மணிக்குச் சங்கு. சங்குக்கு இருபது நிமிடத்துக்கு முன்பே நான் பிறந்தாகிவிட்டது. ஆனால் தாளில் ஐந்து மணிக்குப் பிறந்தேன் என்று இருக்கிறது. அப்படியானால் சங்கு ஊதியபோது எங்கள் வீட்டுக் கடிகாரம் ஐந்து இருபதுக்கு மேல் காட்டியிருக்கவேண்டும். ஒரே சங்கு. கொதிகலன் அறையில் ஐந்து, லயத்து வீட்டில் ஐந்து இருபது.

சுவரைப் பார்த்தேன். கடிகாரம் தன் பாட்டுக்கு முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா கல்யாணப் பேச்சில் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்து அப்பாவைக் கூப்பிட்டாள். பிறந்த நேரம் தப்பு, நீங்களாவது பார்த்துத் திருத்தியிருக்கக்கூடாதா, எஸ்டேட்டுக்கே மணி சொன்ன ஆள்தானே என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். "பொம்பளப் பிள்ள பெறந்திருக்குன்னு ஓடி வந்தவனுக்குக் கடியாரமா தாயி கண்ணுல படும்?" என்றார்.

லேப்டாப்பை அடுப்படியிலேயே திறந்தேன். விடுதி நாட்குறிப்பின் பக்கங்கள் எல்லாம் படமாக அதில் இருந்தன. எனக்கு நினைவிருந்தது, மேற்பார்வைக்காரி அவ்வப்போது ஒரு வரி எழுதுவார். விடுதிக் கடிகாரம் திரும்பவும் சரிசெய்யப்பட்டது, என்று. பழுதான கடிகாரம் போலிருக்கிறது என்று நான் அதைக் கண்டுகொண்டதே இல்லை. இப்போது அந்த வரி வரும் நாட்களை ஒன்றொன்றாகத் தேடினேன். அந்த வரிக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் இரண்டு ஏடுகளும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போயின. மூன்றாம் நாள், நான்காம் நாள் மறுபடி இருபது நிமிடம். நான் எழுதுபிழை என்று தள்ளிய நாட்கள் எல்லாம் இவைதான். ஆலைக் கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. விடுதிக் கடிகாரத்தைத்தான் அந்தப் பெண்கள் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். மேற்பார்வைக்காரி சரிசெய்வார், இவர்கள் மறுபடி ஏறித் தள்ளுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா, செவ்வாய்க்கிழமை அம்மா. அங்கேயும் ஒரு ஸ்டூல் இருந்திருக்கும்.

குதிக்காத குறைதான். ஆனால் பாதி சந்தோஷத்தில் ஒரு முள் குத்தியது. அப்படியானால் என் அத்தியாயம் இன்னும் மோசமல்லவா ஆகிறது? திருடிய முதலாளியையும் காணோம். மிஞ்சுவது, பிந்திப்போனால் அபராதம் என்று பயந்து தங்கள் தூக்கத்தைத் தாங்களே வெட்டிக்கொண்ட பெண்கள். அதை எழுத எனக்குக் கை வராது. அடுப்படியில் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை வருடம் தினமும் இருபது நிமிடத் தூக்கத்தைப் பயத்துக்குத் தாரைவார்த்தாயே, வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு படித்தும் இவள் இப்படி இருக்கிறாளே என்ற பார்வை அது.

"பயமா? மொத நாளு பயந்தேன். பெறவு எதுக்குப் பயம்? கடியாரம் முந்துதுன்னு லயத்துல எவளுக்குட்டி தெரியாது? களத்துக்கு நேரத்தோட போயி, பாறையில குத்தவச்சு, வெத்தல போட்டு, மூணாவது வீட்டுக்காரி மாமியாக்காரியப் பத்தி பேசிச் சிரிப்போம். வயிறு வலிக்கச் சிரிப்போம். அந்த இருவது நிமிசம் தொரைக்குங் கெடையாது, ஒங்கப்பாவுக்குங் கெடையாது, ஒங்களுக்குங் கெடையாது. அது எங்களுது."

முப்பது வருடம் அவள் மகளாக இருந்தும் களத்துப் பாறையில் குத்தவைத்துச் சிரித்த அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. வீட்டில் எங்களுக்குக் கஞ்சி வடித்துவைத்துவிட்டு ஓடிய அம்மாவைத் தெரியும், நனைந்த சேலையோடு சாயங்காலம் திரும்பிய அம்மாவைத் தெரியும். நடுவில் இருந்தவளை யாரும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்லமுடியாத சந்தோஷமாகவும் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரக்கையாக இருக்கிறது, விடு என்றாள்.

மறுபடி நாட்குறிப்புக்குப் போனேன். இந்தமுறை என்ன தேடவேண்டும் என்று தெரிந்திருந்தது. காலைச் சங்குக்கு முன்பு தாழ்வாரத்தில் பேச்சும் சிரிப்பும் அதிகம், கண்டித்தேன், என்று மேற்பார்வைக்காரி ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். இன்னொரு பக்கத்தில், விடியுமுன்பே ஒருவருக்கொருவர் தலைவாரிக்கொண்டு பாட்டு, கண்டித்தேன். இன்னும் நாலைந்து இடங்களில் கண்டித்தேன், கண்டித்தேன். சிரிப்பு கேட்கிற நாட்களில் எல்லாம் கடிகாரம் இருபது நிமிடம் முந்தியிருந்தது. கடிகாரத்தைச் சரிசெய்த மறுநாட்களில் தாழ்வாரம் அமைதியாக இருந்தது. அந்த அம்மாளுக்கு இந்தச் சம்பந்தம் கடைசிவரை பிடிபட்டதாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

சக்குபள்ளம் சம்பந்தம் கூடிவரவில்லை. நர்ஸின் சீட்டுப்படி புதிதாகக் கணித்தபோது லக்கினமே மாறிவிட்டது. என் பழைய ஜாதகத்தில் கடல் தாண்டும் யோகமே இல்லை என்று ஊர் ஜோசியர் அடித்துச் சொல்லியிருந்தார். புதியதில் அந்த யோகம் தாராளமாக இருந்தது. இத்தனை வருடமும் யாரோ ஒருத்தியின் பலனைப் பார்த்து நாங்கள் கவலைப்பட்டிருக்கிறோம். அந்த யாரோ ஒருத்தி எங்கே கஷ்டப்படுகிறாளோ என்று அம்மாவுக்கு இன்றுவரை ஒரு விசாரம் உண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடல் தாண்டுகிற பெண் வேண்டாமாம். எனக்கும் ஏலத்தோட்டம் வேண்டாம். இரு தரப்புக்கும் திருப்தி.

திரும்பிப் போனதும் அந்த அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு முதலிலிருந்து எழுதினேன். முள்ளைத் தள்ளிய கையில் முதலில் பயம்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் தள்ளியதால் கிடைத்த நேரத்தில் அவர்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் எழுதினேன். மேற்பார்வைக்காரியின் ஒவ்வொரு "கண்டித்தேன்"னையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அடிக்குறிப்பு ஒன்றில் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நேர்ப்பேச்சு என்று அம்மாவையும் சேர்த்தேன். ஆறு வாரத்தில் எழுதி முடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை.

பேராசிரியை படித்துவிட்டு வீட்டுக்கு வரச்சொன்னார். முதலாளிக்கு லாபமில்லை, அப்படியானால் யாருக்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும், எனக்கே தோன்றவில்லை என்றார். அடிக்குறிப்பில் இருப்பவர் யார் என்று விசாரித்தார். அம்மா என்றேன். ஊறுகாய்ப் பாட்டிலை மூடியால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, இனிமேல் நீ இருபது நிமிடம் முன்னதாகவே வா, தெருமுனையில் நிற்காதே, நான் தலை துவட்டிக்கொண்டே பேசுகிறேன் என்றார். தெருமுனையில் நான் நின்றதை அவர் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்.

மார்ச் முடிவதற்குள் வாய்மொழித் தேர்வு நடந்தது, முடியும்போது அங்கே இருட்டிவிட்டது. முடிவைச் சொன்னதும் தாழ்வாரத்துக்கு ஓடி வந்து வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். திரையில் முதலில் அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. பிறகு முகம், முகத்துக்குப் பின்னால் சுவர், சுவரில் கடிகாரம். கிடைத்துவிட்டது அம்மா என்றேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனியில் நிரந்தரம் ஆக்கிவிட்டார்களா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள், லயமே அங்கே கூடியிருந்தது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்தாள். பின்பக்கம் எழுதுவதற்காகக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். என் போனில் இந்திய நேரம் நாலு பத்து. அம்மாவின் சுவரில் நாலரை.

"எத்தன மணிக்குன்னு எழுதட்டும்?" என்று கேட்டாள். அப்பா ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, இறங்குங்க" என்றேன். "நாலரைன்னே எழுதும்மா."